அமெரிக்கக் கல்லூரிப் பந்தாட்டமும் குடும்பச் செலவும்

அமெரிக்க நாட்டிலே ஆகஸ்டு மாத இறுதி தொடங்கி டிசம்பர் மாதத் தொடக்கம் வரையில் வரும் சனிக்கிழமைகள் கல்லூரிப் பந்தாட்டத்திற்கு உரியவை. அந்நாட்களில் ஒரு கல்லூரியின் மாணவரும், பழைய மாணவரும், அவர்தம் மனைவி மக்களும், அக்கல்லூரியில் ஒரு நாளும் படியாதவராயினும் அவ்வூரிற் பிறந்த ஒரே காரணத்தால் அதன்மேற் பற்று வைத்தவரும், அதன் நிறமுடைய சட்டையை அணிந்துகொண்டு ஆட்டரங்கை நோக்கிச் செல்வர். சொந்த ஊரில் ஆட்டம் நிகழுங்கால் இஃது எளிது. தம் கல்லூரிக் குழு வேற்றூருக்குச் சென்று ஆடும்போது, அதனைத் தொடர்ந்து குடும்பத்தோடு செல்ல விழைவார்க்கே பொருள் முட்டுப்பாடு உண்டாகின்றது. அத்தகையோர் எவ்வாறு திட்டமிட்டால் கடன்படாது போய் மீளலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள். நம் பழைய மாணவருள் அந்நாட்டிற் குடும்பத்தோடு வாழ்வார் உளர். மேற்படிப்பிற்கு அங்குச் செல்லக் கருதும் மாணவரும் நம்மிடையே உளர். அவர்க்கு இது நேரே பயன்படக்கூடும். ஏனையோர்க்கு, ஒரு நாட்டு மக்களின் வழக்கத்தை அறிந்த அளவிலேனும் பயன் உண்டு.

தமிழ் பயில்வோர்க்கு இப்பொருள் புதிதன்று என்றும் சொல்லலாம். வறுமையுற்ற பாணன் தன் சுற்றத்தோடு எவ்வழிச் செல்ல வேண்டும், எங்கே தங்க வேண்டும், எவ்வூரில் என்ன உணவு கிடைக்கும் என்று, முன்னர்ச் சென்று வந்தவன் ஒருவன் கூறுவதற்கென்றே ஆற்றுப்படை என்னும் நூல்வகையை நம் முன்னோர் வகுத்தனர். பாணனுக்கோ போகும் இடத்தில் வள்ளல் ஒருவன் பரிசில் தருவான்; பந்தாட்டம் காணச் செல்லும் குடும்பத்தலைவனுக்கு அவ்வள்ளல் இல்லை. ஆகவே வழிச்செலவை அவனே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதற்கண் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். அவர்கள் 'ஃபுட்பால்' என்று வழங்குவது நம் கல்லூரித் திடலில் மாலைதோறும் ஆடப்படும் கால்பந்தன்று. கூர்முனை இரண்டுடைய நீள்வட்டப் பந்தைப் பெரும்பாலும் கையாலே ஏந்தியும் எறிந்தும் ஆடுவது அது. பக்கத்திற்குப் பதினொருவர் களத்தில் நிற்பர். களம் 100 கஜ நீளமுடையது. இரு முனையிலும் 10 கஜ அளவில் எல்லைப் பகுதி உண்டு. பந்தை உடைய குழுவிற்கு நான்கு முயற்சிகள் அளிக்கப்படும். அவற்றுள் 10 கஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முன்னேறாவிடிற் பந்து எதிரிக்குச் சேரும். எதிரியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளி. கம்பங்களினிடையே உதைத்துச் செலுத்தினால் 3 புள்ளி. ஆடும் நேரம் கடிகாரக் கணக்கில் ஒரு மணியே எனினும், இடையிடையே நிறுத்தங்கள் பல உண்மையின், ஓர் ஆட்டம் முடிய ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் செல்லும். இந்த மூன்றரை மணி என்பதை வாசகர் நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

கல்லூரிகளிடை நிகழ்ந்த முதல் ஆட்டம் 1869-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள், நியூ ஜெர்ஸியில் ரட்கர்ஸ் கல்லூரிக்கும் பிரின்ஸ்டன் கல்லூரிக்கும் நடந்தது. பிரின்ஸ்டன் மாணவர் ஆடப் போந்த இடம் தம் ஊருக்கு இருபது மைல் அளவிலேயே இருந்தது. அந்நாளில் வெளியூர் ஆட்டம் என்றாற் பக்கத்தூர் ஆட்டம் என்றே பொருள். பின்னர்க் கல்லூரிகள் சங்கங்களாகக் கூடித் தமக்குள் ஆடத் தொடங்கியபோதும், ஒரு சங்கத்தில் உள்ளவை அடுத்தடுத்த மாகாணங்களின் கல்லூரிகளாகவே இருந்தன. 1896-இல் எழுந்த 'பிக் டென்' என்னும் சங்கம் நெடுங்காலம் பேரேரிகளை அடுத்த நாட்டிலேயே அடங்கியிருந்தது. விடியலிற் காரில் ஏறினாற் பெரும்பாலும் அன்றே எதிரியின் ஊரை அடையலாம்.

அந்நிலை இன்று இல்லை. 2024-ஆம் ஆண்டில் அச்சங்கம் பசிபிக் கரையிலுள்ள நான்கு பல்கலைக்கழகங்களைச் சேர்த்துக்கொண்டு, பெயரிற் பத்தும் எண்ணிற் பதினெட்டுமாயிற்று. அதே ஆண்டில், கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்டும் பெர்க்கிலியும் அட்லாண்டிக் கடற்கரைச் சங்கத்திற் சேர்ந்தன. பசிபிக் கரையில் இருந்துகொண்டு அட்லாண்டிக் கரைச் சங்கத்தில் உறுப்பாவது எங்ஙனம் என்று நிலநூல் ஆசிரியரைத்தான் கேட்டல் வேண்டும். தொலைக்காட்சி நிறுவனங்கள் கொடுக்கும் பெரும்பொருளே இம்மாற்றத்திற்குக் காரணம். அப்பொருளிற் பங்கு பெறுவோர் பலர். அதனால் இடர்ப்படுவோர், குழுவின் பின்னே குழந்தைகளோடு காரிற் செல்லும் எளிய குடும்பத்தாரே என்பது எம் கருத்து. பந்தாடுவோர் தனி விமானத்திற் போவர். குடும்பத்தலைவன் எவ்வாறு போவான்?

ஆகலின், எந்த ஊருக்குச் செல்வது எனத் தெரிந்தெடுத்தலே சிக்கனத்தின் முதற்படி மட்டுமன்று, அதன் பெரும்பகுதியும் ஆகும். ஆட்டரங்கில் தண்ணீர்ப் புட்டி வாங்காது மிச்சம் பிடிக்கும் சில்லறையைப் பற்றிப் பலர் அறிவுரை கூறுவர். ஊரைத் தெரிந்தெடுப்பதில் மிச்சமாகும் நூற்றுக்கணக்கான டாலர்களைப் பற்றிக் கூறுவார் சிலரே. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

ஒஹாயோ மாகாணத்துத் தலைநகராகிய கொலம்பஸில் வாழும் ஒரு குடும்பத்தைக் கருதுக. தாய், தந்தை, பள்ளியிற் படிக்கும் மக்கள் இருவர், ஆக நால்வர். அவ்வூரிலுள்ள ஒஹாயோ மாகாணப் பல்கலைக்கழகக் குழுவே அவர்கள் குழு. அக்குழு செல்லும் ஊர்களுள் மூன்றை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

ஒன்று, மிச்சிகன் மாகாணத்து ஆன் ஆர்பர். 190 மைல் தொலைவு. மூன்று மணி நேரப் பயணம். ஆங்குள்ள ஆட்டரங்கு 1927-இல் திறக்கப்பட்டது. 107,601 பேர் அமர இடமுடையது. ஒஹாயோவுக்கும் மிச்சிகனுக்கும் உள்ள பகை 1897-ஆம் ஆண்டு முதல் ஆட்டக்களத்தில் நிகழ்வது. மாகாணங்களின் பகையோ அதனினும் பழையது. 1835-இல் டொலிடோ நகரம் யாருக்கு உரியது என்று இரு பகுதியாரும் படை திரட்டி நின்றனர். நகரம் ஒஹாயோவைச் சேர்ந்தது, மிச்சிகனுக்கு வடக்கே வேறொரு பெருநிலம் கொடுத்து அமைதி செய்தனர். இவ்விரு குழுக்களும் நவம்பர் இறுதிச் சனிக்கிழமையில் மோதுவதைக் காண நாட்டின் பல பகுதியினின்றும் மக்கள் திரள்வர். எனவே டிக்கட்டின் விலை வானை முட்டும்.

இரண்டு, பசிபிக் கரையிலுள்ள சியாட்டில். 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒஹாயோக் குழு அங்குச் சென்று ஆடியது. விமானத்தாலன்றிக் குடும்பத்தோடு ஒரு வார இறுதியிற் போய்வர இயலாது.

மூன்று, இண்டியானா மாகாணத்து வெஸ்ட் லஃபயெட். பர்டியூ பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். ஏறக்குறைய 240 மைல் தொலைவு. நான்கு மணி நேரம் செல்லும். 2025 நவம்பர் 8-ஆம் நாள் ஒஹாயோக் குழு ஆங்கும் சென்று ஆடியது. 1924-இல் திறக்கப்பட்ட ராஸ்-ஏட் ஆட்டரங்கில் 61,000 பேர் அளவில் அமரலாம். பர்டியூவின் குழு பெரும்பாலும் வலிமையிற் குறைந்ததாகலின் டிக்கட்டிற்கு அத்துணைப் போட்டி இல்லை.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஈண்டுக் கொள்ளும் விலைகள் ஒப்பீட்டின் பொருட்டு யாம் வைத்துக்கொண்டவையே. அவ்வவ்வாண்டின் உண்மை விலையை அவரவர் கேட்டறிதல் வேண்டும். கார் ஒரு கேலன் பெட்ரோலுக்கு 25 மைல் ஓடும் என்றும், கேலன் மூன்றரை டாலர் என்றும் கொள்வோம். பர்டியூவிற்குப் போய்வர, ஊர்ச்சுற்று உட்பட 500 மைல். பெட்ரோல் 70 டாலர். டிக்கட்டு ஒன்று 70 டாலர் வீதம் நால்வர்க்கு 280. ஓர் இரவு விடுதி 150. கார் நிறுத்த 30. உணவு 100. ஆக 630 டாலர். ஆன் ஆர்பருக்குச் சென்றால் தொலைவு குறைவு. 400 மைலுக்குப் பெட்ரோல் 56 டாலர். அவ்வாட்டம் மரபாக நண்பகலில் தொடங்குவதாகலின் ஒரே நாளிற் போய்வரலாம். விடுதிச் செலவும் இல்லை. கார் நிறுத்த 60, உணவு 100 என்று கொள்வோம். ஆயின் மறுவிற்பனையில் டிக்கட்டு ஒன்று 300 டாலர் என்றால் நால்வர்க்கு 1,200. கூட்டிப் பார்த்தால் 1,416 டாலர். சியாட்டிலுக்கோ, விமானக் கட்டணம் தலைக்கு 400 என்று கொண்டாலும் ஊர் போய்ச் சேருமுன்னரே 1,600 கரைந்துவிடும்.

இதனால் தெரிவது யாது? மிக அண்மையிலுள்ள ஊருக்குச் செல்வதே மிகக் குறைந்த செலவு என்று எண்ணுதல் பிழை. காரிற் போகும் தொலைவு சிறிது மிகுந்தாற் சில டாலர்களே மிகும். ஆட்டத்தின் பெருமை மிகுந்தால் நால்வரது டிக்கட்டும் சேர்ந்தே ஏறும். எனவே, 'ஒரு நாளிற் காரிற் சென்றடையும் தொலைவு, ஆயின் பெரும்பகை இல்லாத எதிரி' என்னும் இரு விதிகளுக்கும் பொருந்தும் ஊரைத் தேடுக. அத்தகைய ஆட்டம் சுவையற்றதாக இருக்கும் என்று அஞ்சவும் வேண்டா. 2018 அக்டோபர் 20-ஆம் நாள் இரவு, நாட்டில் இரண்டாம் இடத்தில் வைத்து எண்ணப்பட்ட ஒஹாயோக் குழுவை இதே பர்டியூ 49-க்கு 20 என்ற கணக்கில் வீழ்த்தியது. அன்று அரங்கில் இருந்த ஒஹாயோக் குடும்பங்களுக்கு அது கசப்பாகவே இருந்திருக்கும். ஆயினும் சுவையற்றது என்று யாரும் சொல்லியிரார்.

ஊரைத் தெரிந்த பின் நாளைத் தெரிதல். ஆட்ட நாட்கள் பல மாதங்களுக்கு முன்னரே வெளியாகும். அந்நாள் எதிர்க்கல்லூரியின் 'ஹோம்கமிங்' நாளாகவோ, பெற்றோர் வருகை நாளாகவோ இருக்கின்றதா என்று பார்த்தல் இன்றியமையாதது. 'ஹோம்கமிங்' என்பது பழைய மாணவர் ஆண்டுக்கொரு முறை தம் கல்லூரிக்குத் திரும்பிவரும் விழா. அவ்வார இறுதியில் ஊரிலுள்ள விடுதிகளெல்லாம் முன்னரே நிறைந்துவிடும்.

நாள் தெரிந்தாலும் மணி தெரியாது. இதுவே இப்பயணத்தின் பெருந்தொல்லை. பருவத் தொடக்கத்து ஆட்டங்கள் சிலவற்றின் நேரம் கோடையிலேயே அறிவிக்கப்படும். ஏனையவற்றின் நேரத்தைத் தொலைக்காட்சியார் ஆட்டத்திற்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்னரே முடிவு செய்வர். சிலபோது ஆறு நாட்களுக்கு முன்னர்தான். அது நண்பகலாகவும் இருக்கலாம், பிற்பகல் மூன்றரையாகவும் இருக்கலாம், இரவு ஏழரையாகவும் இருக்கலாம். முன்னர்க் கூறிய மூன்றரை மணியை இங்கே கூட்டிப் பார்க்க. நண்பகலில் தொடங்கினால் மூன்றரைக்கு முடிந்து, நால்வரும் இரவு ஒன்பதுக்குள் கொலம்பஸில் தம் வீட்டிலிருப்பர். விடுதி வேண்டின் வெள்ளி இரவிற்கே வேண்டும். ஏழரைக்குத் தொடங்கினால் முடிவது பதினொரு மணி. அதன்பின் உறங்கும் குழந்தைகளைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் கார் ஓட்டுவது அறிவுடைமையன்று. அப்போது சனி இரவிற்கு விடுதி வேண்டும்.

இச்சிக்கலுக்கு ஒரு வழி உண்டு. பணம் பிடிக்காமல் நீக்கிக்கொள்ள இடந்தரும் விடுதியாகப் பார்த்து, ஆட்ட நாள் வெளியானவுடனே வெள்ளி இரவிற்கும் சனி இரவிற்கும் தனித்தனியே அறை பதிந்துகொள்க. நேரம் அறிவிக்கப்பட்டதும் வேண்டாததை நீக்கிவிடுக. எத்தனை நாள் முன்னர் நீக்கினாற் பணம் பிடிக்கமாட்டார்கள் என்பதைப் பதியும்போதே குறித்து வைத்தல் நலம். இதனைச் சூழ்ச்சி என்று சிலர் கருதலாம். நேரத்தை மறைத்து வைப்பது குடும்பத்தார் அல்லரே என்பது எம் விடை.

விடுதியை ஆட்டம் நிகழும் ஊரிலேயே தேடவும் வேண்டா. கல்லூரி ஊர்கள் பல சிற்றூர்களே. பென்ஸில்வேனியா மாகாணத்து ஸ்டேட் காலேஜ் என்னும் ஊரில் 2020-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி 40,501 பேரே வாழ்ந்தனர். அங்குள்ள ஆட்டரங்கோ ஒரு நூறாயிரத்திற்கு மேற்பட்டோரைக் கொள்வது. அத்துணைப் பேரும் ஒரே நாளில் வந்திறங்கினால் விடுதிக்காரர் என்ன செய்வர்? வாடகையைப் பன்மடங்காக்குவர், இரண்டு இரவு தங்கினால்தான் அறை என்றும் விதிப்பர். ஆதலின் நாற்பது, ஐம்பது மைல் இப்புறத்தே, தாம் வரும் வழியிலேயே உள்ள ஊரில் தங்குதல் சாலச் சிறந்தது. ஆன் ஆர்பருக்குச் செல்வோர் டொலிடோவிலும், பர்டியூவிற்குச் செல்வோர் இண்டியானாபொலிஸ் நகரின் புறத்தேயும் தங்கலாம். டொலிடோவில் தங்குவோர்க்கு ஓர் ஊதியமும் உண்டு: 1901-இல் நிறுவப்பட்ட அந்நகரத்துக் கலைக்காட்சிச் சாலைக்கு நுழைவுக் கட்டணமே இல்லை, கண்ணாடிக் கலைப்பொருள்களுக்கு அது பெயர் பெற்றது.

டிக்கட்டு வாங்குதற்கு மூன்று வாயில்கள் உள. வருகின்ற குழுவின் அன்பர்க்கென்று உள்ளூர்க் கல்லூரியார் ஒரு பகுதியை ஒதுக்குவர்; அது தம் சொந்தக் கல்லூரியின் அலுவலகத்தில் விற்கப்படும். பருவம் முழுவதற்கும் டிக்கட்டு எடுத்தவர்க்கும் நன்கொடையாளர்க்கும் முதலில் கொடுத்து, எஞ்சியதே பொதுமக்களுக்கு வரும். இரண்டாவது, எதிர்க்கல்லூரியின் அலுவலகம். கோடையில் தனி ஆட்டத்திற்கு விற்பர். மூன்றாவது, முன்னர் வாங்கியோர் மீண்டும் விற்கும் இணையச் சந்தை. இச்சந்தையில் விலை நாள்தோறும் ஏறி இறங்கும். பெருமையில்லாத ஆட்டமாயின், அல்லது மழை வரும் என்று தெரிந்தால், கடைசி இரண்டு மூன்று நாட்களில் விலை சரிவது இயல்பு. தனியொருவனாயின் இதற்காகக் காத்திருக்கலாம். நால்வர் அடுத்தடுத்து அமரும் இடம் கடைசி நாளிற் கிட்டுவது அரிது. சிறுவரைத் தனியே ஒரு மூலையில் அமர்த்தவும் இயலாது. ஆதலிற் குடும்பத்தோடு செல்வோர் ஒரு வாரத்திற்கு முன்னரே விலையை நோக்கி, தாம் மனத்தில் வகுத்த எல்லைக்குள் வந்தவுடன் வாங்கிவிடுதல் தக்கது.

முன்னெல்லாம் காட்டிய விலை ஒன்றும், பணம் கட்டும்போது கேட்கும் விலை ஒன்றுமாக இருந்தது. தரகும் பிற கட்டணங்களும் கடைசியிலே தலைகாட்டும். 2025 மே 12 முதல், ஆட்டக் காட்சி டிக்கட்டிற்கும் விடுதி வாடகைக்கும், செலுத்தியே தீரவேண்டிய கட்டணங்களைச் சேர்த்த முழு விலையைத் தொடக்கத்திலேயே காட்டவேண்டும் என்று அந்நாட்டு நடுவண் அரசின் வாணிப ஆணையம் விதித்துள்ளது. ஒப்பிட்டு வாங்குவோர்க்கு இது பெருநன்மை. டிக்கட்டுகள் இப்போது பெரும்பாலும் கைப்பேசியிலேயே வருகின்றன. அரங்க வாயிலில் நிற்கும் அறியாதவரிடத்து டிக்கட்டின் படத்தை மட்டும் விலைக்கு வாங்கி ஏமாறுவாரும் உண்டு. குழந்தைகட்கு டிக்கட்டு வேண்டுமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும்; கேட்டறிந்தே புறப்படுக. இடம் தெரியுங்கால் மாணவர் பகுதிக்கு அருகே வாங்காதிருத்தல் நன்று. மாணவர் ஆட்டம் முழுவதும் நின்றுகொண்டே ஆர்ப்பரிப்பர். பின்னிருக்கும் சிறுவன் அவர்தம் முதுகையன்றி வேறொன்றும் காணான்.

இச்செலவும் மிகை என்போர்க்கு வேறொரு வழி கூறுவோம். நாட்டிலுள்ள கல்லூரிகளெல்லாம் நூறாயிரவர் அமரும் அரங்கு உடையனவல்ல. மூன்றாம் பிரிவு என்று வழங்கும் சிறு கல்லூரிகளில் ஆட்டத்திறம் ஒன்றற்காக மாணவர்க்கு உதவிச்சம்பளம் கொடுப்பதில்லை. ஒஹாயோவிலேயே கென்யன் (1824), டெனிசன் (1831), விட்டன்பர்க் (1845), மவுண்ட் யூனியன் (1846) எனச் சபையார் நிறுவிய பழங்கல்லூரிகள் பல இவ்வகையின. ஆங்கு டிக்கட்டு விலை அற்பம். கார் நிறுத்த இடம் எளிதிற் கிடைக்கும். கோட்டோரத்திற்கு அருகே அமர்ந்து, ஆடுவோர் ஒருவரையொருவர் கூவியழைப்பதையும் கேட்கலாம். டெனிசனிலிருந்து கென்யனுக்குக் காரில் ஒரு மணி நேரத்திற்குட் சென்றடையலாம். விடுதி என்ற பேச்சுக்கே இடமில்லை. 1869-இல் பிரின்ஸ்டன் மாணவர் சென்ற வெளியூர்ப் பயணத்தை ஒத்தது இன்றும் இக்கல்லூரிகளிலேதான் உளது. பெருங்கல்லூரியின் ஆரவாரத்தை விரும்பும் சிறுவர் முதலில் முகஞ்சுளிப்பர் என்பது உண்மையே.

ஆட்ட நாளைப் பற்றி இனி. வெளியூரார் குறைந்தது மூன்று மணி நேரம் முன்னதாகச் சென்று சேர்தல் வேண்டும். அரங்கை ஒட்டிய இடங்களிற் கார் நிறுத்தக் கட்டணம் மிகுதி. ஒரு மைல், ஒன்றரை மைல் நடக்க இசைந்தால் அது பாதியாகும். ஊரார் தம் வீட்டு முன்றிலிலேயே கார் நிறுத்த இடம் விடுவதும் உண்டு. அங்ஙனம் நிறுத்தியோர் காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுப்பு மூட்டிச் சமைத்து, உற்றாரோடும் அயலாரோடும் உண்பதை 'டெயில்கேட்' என்பர். பின்கதவு என்பதே அச்சொல்லின் பொருள். ஆட்டத்தினும் இதனையே பெரிதாக மதிப்பாரும் உளர். புளிச்சோறும் எலுமிச்சஞ்சோறும் கட்டிக்கொண்டு போகும் வழக்கமுடைய தமிழ்க் குடும்பத்திற்கு இது கற்பிக்க வேண்டுவதொன்றன்று. கட்டுச்சோற்றை அரங்க வாயிலிற் காவலர் பெரும்பாலும் விடார். ஆகலின் வயிறார உண்டபின் உள்ளே புகுக.

கைப்பையைப் பற்றிய விதி கண்டிப்பானது. பல அரங்குகளில், உள்ளிருப்பது தெரியும் பளிங்கு போன்ற பையை மட்டுமே அனுமதிப்பர். 12 அங்குல நீளம், 12 அங்குல உயரம், 6 அங்குல அகலத்திற்கு மேற்படலாகாது. அறியாது வேறு பை கொண்டு சென்றோர் ஒன்றரை மைல் திரும்பி நடக்க நேரும். குடையும் பெரும்பாலான இடங்களில் விலக்கு; மழைச்சட்டை கொண்டு செல்க. அக்டோபர் நடுவிலிருந்து குளிர் மிகும். இருக்கைகள் பல அலுமினியப் பலகைகள். அவை குளிரை உடலுக்கு ஏற்றும். கீழே விரிக்க ஒரு தடித்த போர்வையும், காலடியில் வைக்க ஓர் அட்டைத் துண்டும் போதும். கைக்குழந்தையாயின் காதை மூடும் கருவி வேண்டும்; அறுபதினாயிரம் பேர் ஒருங்கே கூவும் ஒலி சிறிதன்று.

பொருள் கொடாமலே பெறும் இன்பங்கள் அன்று பல. பர்டியூவின் பாண்டு வாத்தியக் குழுவினர் ஆட்டத்திற்கு முன்னர் ஸ்லேட்டர் மேட்டில் வாசிப்பர். புல்வெளியில் அமர்ந்து கேட்க டிக்கட்டு வேண்டுவதில்லை. 1921-இல் இண்டியானாபொலிஸில் செய்யப்பட்ட மாபெரும் முரசு ஒன்றை அவர்கள் உருட்டிக்கொண்டு வருவர். உலகத்திலேயே பெரிய முரசு அதுவே என்று அவர்கள் சொல்வர். டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தாரும் தம் முரசைப் பற்றி அவ்வாறே சொல்வர். இடைவேளையில் இருபது நிமிடம் வாத்தியக் குழுவினர் களத்திலே அணிவகுத்து ஆடுவர். அப்போது சிற்றுண்டி வாங்க வெளியேறுவோர் வரிசையில் நின்றே அதனை இழப்பர்.

முதன்முதல் நிலவில் அடிவைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் 1955-இல் பட்டம் பெற்றதும் இப்பர்டியூவிலேயாம். அவர் பெயரால் அமைந்த பொறியியற் கூடத்தின் முன்னே, அவரை இளமாணவனாகக் காட்டும் வெண்கலச் சிலை அமர்ந்திருக்கின்றது. அருகே தரையில் நிலவுக் காலணியின் சுவடுகள் பதிக்கப்பட்டுள்ளன. சிறுவர் ஒரு சுவட்டினின்று மற்றொன்றிற்குத் தாவிக் களிப்பர். இதற்கும் கட்டணம் இல்லை.

இரவு ஆட்டத்தின் பொருட்டுச் சனி இரவு தங்கியவர், மறுநாட் காலையில் வந்த நெடுஞ்சாலையிலேயே திரும்ப வேண்டுவதில்லை. கிழக்கு நோக்கிச் சிற்றூர்களின் ஊடே ஒஹாயோ எல்லையைக் கடந்தால் வாபகொனெட்டா என்னும் ஊர் வரும். 1930-இல் ஆம்ஸ்ட்ராங் பிறந்தது அவ்வூரின் புறத்தே ஒரு பண்ணையில். 1972-இல் திறக்கப்பட்ட காட்சிச்சாலை ஒன்று அங்கே அவர் பெயரால் இருக்கின்றது. அதற்குச் சிறு கட்டணம் உண்டு. அங்கிருந்து 33-ஆம் எண் சாலை கொலம்பஸுக்கு இட்டுச் செல்லும். மாலைக்குள் வீடு சேர்ந்து, திங்களன்று பள்ளிக்குரிய பாடத்தை எழுதச் சிறுவர்க்கு நேரமும் இருக்கும்.